ஒரு தலையணை உறை மட்டும்

1

இந்தக் கதை எங்கே பிறந்தது என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். நான் வேலை பார்க்கிற சலவைக்கூடத்தின் பின்புறம், அழுக்கு மூட்டைகளை வண்டியிலிருந்து இறக்குகிற மேடையில் பிறந்தது. நான் மூட்டை தள்ளுகிறவன். அன்றைக்குக் கடைசி மூட்டையைத் தள்ளிவிட்டு முதுகை நிமிர்த்தும்போது அண்ணி வந்து நின்றார்.

"எழுதப் படிக்கத்தான் கத்துக்கிட்டீங்களே தம்பி. எனக்கு ஒண்ணு எழுதித் தரணும்."

"லீவு லெட்டரா அண்ணி?"

"இல்ல. அந்தக் கம்ப்யூட்டர் தம்பிக்கு நன்றி சொல்லணும். சொல்றதுக்குள்ள ஆளு போயிட்டாரு."

"அட்ரஸ் இருக்கா?"

"அட்ரஸ் இருந்தா நானே போய்ச் சொல்லிட மாட்டேனா? கதையா எழுதுங்க. கதைக்கு அட்ரஸ் தேவையில்லையே."

அப்படித்தான் இது என் தலையில் விழுந்தது. எனக்கு எழுத்து வந்ததே தலை நரைத்த பிறகுதான். சொல்லிக்கொடுத்தது என் மனைவி. மூட்டையில் கட்டியிருக்கும் அட்டைகளைத்தான் முதல் பாடமாக வைத்தாள். அதனால் எல்லோருக்கும் முதலில் வருகிற அம்மாவும் ஆடும் எனக்குக் கடைசியில்தான் வந்தன. எனக்கு முதலில் வந்தது 'உறை'. அதற்குப் பிறகு 'விரிப்பு'. 'போர்வை' வருவதற்கு ஒரு மழைக்காலம் பிடித்தது.

ஒரு எச்சரிக்கை. நான் வேலைக்கு நடுவில், கிடைத்த நேரத்தில், விட்டு விட்டு எழுதுகிறவன். எங்கே விட்டேன் என்பது எனக்கு மறந்துபோகும். உங்களுக்கு மறக்காது. ஆகவே நான் எழுதுகிறேன், நீங்கள் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கூலி பாதிப் பாதி.

2

ஆரம்பம் சரியாக அமைய வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். நான் போட்டுப் பார்த்த ஆரம்பங்களை மறைக்காமல் வைக்கிறேன்.

முதல் ஆரம்பம்: 'செங்கதிர் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்த அந்தக் காலை வேளையில்...'

மனைவி படித்துவிட்டு, "உங்க கூடத்துல ஜன்னல் எங்க இருக்கு?" என்றாள். ஜன்னல் கிடையாது. ஆவிதான் உண்டு. அடித்துவிட்டேன்.

இரண்டாம் ஆரம்பம்: 'தரவு என்பது ஓர் ஆறு. ஓடிக்கொண்டே இருக்கும். அதை நிறுத்தி எண்ண முடியாது. ஓடும்போதே...'

"இது யார் பேச்சு?" என்றாள்.

"கம்ப்யூட்டர் தம்பி சொன்னது."

"அவரு ஆறுன்னு சொல்லலாம். நீங்க ஆத்தைக் கண்டீங்களா, குளத்தைக் கண்டீங்களா? உங்களுக்குத் தெரிஞ்சது துணி. துணியில ஆரம்பிங்க."

சரி, துணி.

3

எங்கள் கூடத்தில் ஆஸ்பத்திரித் துணிகளைத் துவைக்கிறோம். அழுக்கு ஒரு வாய் வழியாக உள்ளே போகும். துவைத்து, காய்ந்து, மடித்து, மறு வாய் வழியாக வெளியே வரும். நடுவில் ஓடுவது பெல்ட். ஒவ்வொரு துணியின் ஓரத்திலும் சட்டைப் பித்தான் அளவுக்கு ஒரு வில்லை தைத்திருக்கும். அந்த வில்லைக்கு ஓர் எண் உண்டு. வேறு எந்த வில்லைக்கும் அந்த எண் கிடையாதாம். உள்வாயிலும் வெளிவாயிலும் கதவு நிலை மாதிரி ஒரு சட்டம் நிற்கிறது. துணி அதைத் தாண்டும்போது 'டிக்' என்று ஒரு சத்தம். அந்த டிக், கம்பி வழியாகக் கண்ணாடி அறையில் இருக்கிற கம்ப்யூட்டருக்கு ஓடும். காலையில் தொடங்கினால் டிக்குக்குப் பின்னால் டிக் என்று ஓடிக்கொண்டே இருக்கும். உள்ளே வந்தது இவ்வளவு, வெளியே போனது இவ்வளவு என்று அது கூட்டிக்கொண்டே போகும்.

பெல்ட்டின் கடைசியில் மடிப்பு மேசை. அங்கே நிற்பவர்தான் அண்ணி. அவருடைய வீட்டுக்காரர் எங்கள் பாய்லரைப் பார்த்துக்கொண்டவர். எங்கள் எல்லோருக்கும் அவர் அண்ணன். ஆகவே இவர் எங்கள் எல்லோருக்கும் அண்ணி. என்னைவிட இளையவர்தான். இருந்தாலும் நான் தம்பி, அவர் அண்ணி. இதை மாற்ற முடியாது. ஆவிக்குழாய் வெடித்து அண்ணனுடைய கை வெந்துபோனதும், அவர் வீட்டில் உட்கார, அண்ணி வேலைக்கு வந்தார்.

உள்ளே வந்ததைவிட வெளியே போனது குறைந்தால், அந்த வரிசையின் மடிப்பு மேசைக்காரர் பேரில் ஒரு கறை எழுதுவார்கள். ஒன்றிரண்டு துணி தொலைவது சகஜம். அதற்குக் கறை கிடையாது. கை நிறைய குறைந்தால்தான் கறை. மூன்று கறை விழுந்தால் வேலை போய்விடும். இந்த டிக் கணக்கு வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. அதற்குள் அண்ணிக்கு இரண்டு கறை விழுந்திருந்தது. வீட்டில் சொல்லவில்லை. அன்று மறுபடியும் பெல்ட் நின்றது. அண்ணி மேசையை விட்டு ஓடிப்போய்

[மணி அடித்துவிட்டது. மூட்டை வந்திருக்கிறது.]

3

எங்கள் கூடத்தில் ஆஸ்பத்திரித் துணிகளைத் துவைக்கிறோம். பெல்ட்டின் கடைசியில் மடிப்பு மேசை. அங்கே நிற்பவர்தான் அண்ணி. எதையும் மடித்துவிட்டுத்தான் பேசுவார். கோபம் வந்தால் கூட இரண்டு மடிப்பு மடித்துவிட்டுத்தான் திட்டுவார். அவருடைய வீட்டுக்காரர்...

"நிறுத்துங்க," என்றாள் மனைவி. "அண்ணி ரெண்டு தடவை உள்ள வர்றாங்க."

"எங்க?"

"இங்க ஒரு மூணு. இங்க இன்னொரு மூணு. படிக்கிறவங்க ரெண்டு அண்ணின்னு நினைச்சுக்க மாட்டாங்களா?"

பார்த்தேன். உண்மைதான். வேலை முடிந்து வந்து உட்கார்ந்தபோது எங்கே விட்டேன் என்று தெரியவில்லை. விட்டுப்போய்விடக் கூடாதே என்று பழைய இடத்திலிருந்து மறுபடி ஆரம்பித்திருக்கிறேன். எண்ணையும் மறுபடி போட்டிருக்கிறேன். இதை அடித்துவிடலாம் என்றுதான் பேனாவை எடுத்தேன். பிறகு யோசித்துப் பார்த்தால், அண்ணியின் பிரச்சினையே இதுதான். ஆகவே இருக்கட்டும். ஆனால் அண்ணி ஒருவர்தான். அதை நீங்கள் குறித்துக்கொள்ளுங்கள்.

4

அன்று பெல்ட் நின்றது. அண்ணியின் வரிசை பெல்ட் கிழட்டு பெல்ட். மோட்டார் சூடானால் படுத்துக்கொள்ளும். மற்ற வரிசைகளில் எப்போதாவதுதான் நிற்கும். இங்கே வாரம் தவறாமல் நிற்கும்.

அண்ணி மேசையை விட்டு ஓடிப்போய், பெல்ட்மேல் கிடந்த துணிகளைக் கை நிறைய வாரினார். மற்ற பெண்களும் வாரினார்கள். நானும் வாரினேன். எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு போய் உள்வாயில் மறுபடி போட்டோம். இது எங்கள் கூடத்து வழக்கம். ஏன் எதற்கு என்று யாரும் கேட்டதில்லை. பெல்ட் நின்றால் மேலே கிடப்பது எல்லாம் வாய்க்குத் திரும்ப வேண்டும்.

அன்றைக்குக் காலியான மூட்டைகளின்மேல் ஒருவர் உட்கார்ந்து இதைப் பார்த்துக்கொண்டிருந்தார். கணக்கு ஏன் உதைக்கிறது என்று பார்க்க, கம்ப்யூட்டர் கம்பெனி அனுப்பிய ஆள். வந்ததிலிருந்து கண்ணாடி அறையில் திரையையே பார்த்துப் பார்த்துக் கண் சிவந்து, காற்று வாங்க வெளியே வந்திருந்தார்.

"மேடம், என்ன பண்றீங்க?"

"பார்த்தா தெரியலையா சார்? கல்யாண வேலை பண்றோம்."

"இல்ல மேடம், ஏன் திரும்ப உள்ள போடுறீங்க?"

அண்ணி இரண்டு விரிப்பை மடித்துப் போட்டுவிட்டுப் பதில் சொன்னார். "பெல்ட் நின்னா எது துவைச்சது, எது துவைக்காததுன்னு யாருக்குத் தெரியும்? எங்க வீட்டுக்காரர் சொல்லுவாரு. ரெண்டு தடவை துவைச்சா துணி சாகாது. துவைக்காம போச்சுன்னா ஆஸ்பத்திரியில படுத்திருக்கிறவன் சாவான். அவர் போட்ட வழக்கம் இது."

அவர் மூட்டையிலிருந்து எழுந்தார். அவர் முகத்தில் வந்த சிரிப்பு இன்னும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. தொலைந்த சாவி சட்டைப் பையிலேயே கிடைத்தவன் சிரிக்கிற மாதிரி ஒரு சிரிப்பு.

"மேடம், எங்க தொழில்லயும் இதேதான். நடுவுல நின்னுபோச்சுன்னா, விட்டுப்போறதைவிட ரெண்டு தடவை அனுப்புறது மேல்னு விட்ட இடத்துக்கு முன்னாடியிருந்து திரும்ப அனுப்புவோம். ஆனா வாங்குற பக்கம், இது ஏற்கெனவே வந்ததான்னு பார்க்கணும். உங்க கம்ப்யூட்டர் பார்க்கல. டிக்குன்னு கேட்டா ஒண்ணு கூட்டிடுது. அதே துணி திரும்ப வந்தாலும் வில்லையைப் பார்க்காம புதுசா ஒரு எண்ணைக் குடுத்து, இன்னொரு துணின்னு நினைச்சுக்குது."

"அப்படின்னா?"

"அப்படின்னா, நீங்க தொலைச்சதா சொல்ற துணியெல்லாம் பிறக்கவே இல்ல மேடம்."

அண்ணி கையிலிருந்த விரிப்பை மடிக்காமல் நின்றார். அவர் அப்படி நின்று நான் பார்த்ததில்லை. இல்லாத துணியைத் தேடி அவர் எத்தனை முறை டிரையருக்கு அடியில் தவழ்ந்திருப்பார் என்று எனக்குத் தெரியும். விளக்கைப் பிடித்துக்கொண்டிருந்தது நான்தான்.

"எங்க வீட்டுக்காரர் வழக்கத்தாலதான் எனக்குக் கறையா?"

"வழக்கம் சரிதான். அதை விட்டுடாதீங்க. மாத்த வேண்டியது எங்க கணக்கைத்தான்."

(* இந்த இடத்தில் கதை முடிந்திருக்கலாம். மனைவியும் அதையே கேட்டாள்: "முடிஞ்சிடுச்சே, இன்னும் என்ன?" நல்லவர்கள் அவசரப்பட்டால் என்ன ஆகும் என்பது பாக்கி இருக்கிறது.)

5

கம்ப்யூட்டர் தம்பி கணக்கை மாற்றினார். அண்ணி அதற்குள் அவரையும் 'தம்பி' என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார். 'தம்பி' என்று குரல் வந்தால் நானும் திரும்புவேன், அவரும் திரும்புவார். கடைசியில் நான் மூட்டைத் தம்பி, அவர் கம்ப்யூட்டர் தம்பி என்று ஆனோம். அவர் அதற்கும் சிரித்தார். "நல்ல வேலை பண்ணீங்க மேடம். ஒரே பேரை ரெண்டு பேருக்குக் குடுக்கக் கூடாது."

அவர் செய்தது இதுதான். இனிமேல் உள்வாயில் டிக் வந்தால், அந்த வில்லையை ஏற்கெனவே பார்த்தோமா என்று கம்ப்யூட்டர் ஞாபகத்தில் தேடும். பார்த்திருந்தால் கூட்டாது. அந்த ஞாபகத்தைப் பெல்ட் பக்கத்துப் பெட்டியில் வைத்தால், மோட்டார் படுக்கும்போது அதுவும் சேர்ந்து படுத்துவிடும். ஆகவே வேறிடத்தில் பத்திரமாக வைத்தார். ஒரு வாரம் கணக்கு கண்ணாடி மாதிரி இருந்தது. பெல்ட் நின்றது, வாரினோம், போட்டோம், கணக்கு உதைக்கவில்லை. அண்ணி மடிக்கும்போது வாய்க்குள் ஏதோ பாட்டு முணுமுணுத்தார்.

அடுத்த வாரம் கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது.

[சூப்பர்வைசர் இங்கே வருகிறார். இவரை வில்லனாக எழுதிப் பார்த்தேன். முறுக்கு மீசை வைத்தேன். குரலில் இரும்பு போட்டேன். மனைவி, "இவருதானே உங்க முதுகு பிடிச்சுக்கிட்டப்போ லைட் வேலை போட்டுக் குடுத்தாரு?" என்றாள். ஆமாம். மீசையை எடுத்துவிட்டேன். நிஜத்தில் அவருக்கு மீசையே இல்லை.]

சூப்பர்வைசர் கண்ணாடி அறையிலிருந்து இறங்கி வந்து, அண்ணியின் மேசைக்கு எதிரே நின்று தலையைச் சொறிந்தார்.

"என்னம்மா இது? போன மாசம் குறைஞ்சுது. இந்த மாசம் கூடுது. உள்ள வந்ததைவிட வெளிய நிறைய போயிருக்கு. வீட்டுல தறி போட்டு நெய்து கொண்டு வர்றீங்களா?"

"எனக்கு மடிக்கவே நேரமில்ல. இதுல நெய்யணுமாக்கும்."

"சிரிக்கிற விஷயமில்லம்மா. குறைஞ்சாலும் கறை, கூடினாலும் கறை. மேல இருக்கிறவங்களுக்குக் கணக்கு இடிச்சா இடிச்சதுதான். இது மூணாவது."

அண்ணி மேசைப் பக்கம் திரும்பினார். உறையை எடுத்தார், மடித்தார், வைத்தார். அடுத்ததை எடுத்தார். கை மட்டும் வழக்கமான வேகத்தில் ஓடியது. சாயங்காலம் வீட்டுக்குப் போய்க் கதவைத் திறந்ததும், வெந்த கையைத் துண்டால் மூடிக்கொண்டு அண்ணன் கேட்கப்போகிற ஒரே கேள்வி அண்ணியின் காதில் இப்போதே விழுந்தது: 'இன்னைக்கு பெல்ட் எப்படி?' அதற்கு இத்தனை நாளும் 'ஓடுது' என்று சொல்லியாயிற்று. இன்றைக்கும் ஓடுது என்றே சொல்லலாம். அது ஓடும். இவர்தான் இருக்க மாட்டார்.

கம்ப்யூட்டர் தம்பி ஓடி வந்தார். திரையில் பார்த்ததும் அவருக்கு விளங்கிவிட்டது.

"என் தப்பு மேடம். இதுக்கு முன்னாடி பார்சல் கம்பெனிக்குக் கணக்கு எழுதிட்டிருந்தேன். பார்சல் போனா போனதுதான், திரும்பி வராது. அதே நினைப்புல எழுதிட்டேன். துணி அடுத்த வாரம் அழுக்காகித் திரும்பி வரும்னு தோணவே இல்ல. திரும்பி வந்ததைக் கம்ப்யூட்டர், 'உன்னைத்தான் பார்த்துட்டேனே'ன்னு கூட்டாம விட்டுடுச்சு."

"சரி, இப்ப என்ன பண்ணப் போறீங்க?"

"மறக்கச் சொல்லணும். வெளிவாயைத் தாண்டின நிமிஷமே அந்தத் துணியை மறந்துடணும். திரும்பி வந்தா அது புது வருகை. வில்லை எண்ணும் வருகை எண்ணும் சேர்ந்துதான் அதுக்குப் பேர்."

அண்ணி சூப்பர்வைசரைக் காட்டினார். "எனக்கு எழுதின மூணு கறையை யாரு மறப்பா?"

6

இந்தப் பிரிவை எழுத எனக்குப் பயமாக இருந்தது. நடந்தது எல்லாம் திரையில் நடந்தது. திரையில் நடப்பதைக் கதையாகச் சொல்வது, கொதிக்கிற தண்ணீரைக் காட்டி ருசி எப்படி என்று கேட்கிற மாதிரி. ஆனால் நான் கண்ணாடி அறைக் கதவருகே நின்றிருந்தேன். அவர்கள் முகங்களைப் பார்த்தேன். அதைச் சொல்கிறேன்.

உள்வாயிலும் வெளிவாயிலும் விழுந்த ஒவ்வொரு டிக்கும் வந்தது வந்தபடியே ஓரிடத்தில் பதிவாகி இருக்குமாம். ஆனால் எல்லாக் காலத்துக்கும் இருக்காது. இடம் போதாதென்று பழையது தானாக அழிந்துகொண்டே வரும். அண்ணிக்கு முதல் கறை விழுந்த நாளின் பதிவு அன்று சாயங்காலம் அழிய இருந்தது.

"அதுக்குள்ள அந்த நாளைத் திரும்ப ஓடவிட்டுப் பார்க்கணும் சார்," என்றார் கம்ப்யூட்டர் தம்பி. "புதுக் கணக்குல."

சூப்பர்வைசர் கடிகாரத்தைப் பார்த்தார். "அனுமதி கேட்டா மேல இருந்து பதில் வர ரெண்டு நாள் ஆகும்." பிறகு மேசை டிராயரைத் திறந்து, தன்னுடைய சாப்பாட்டுப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டார். சாப்பிடப் போகும்போது பூட்டிக்கொண்டு போகிற கண்ணாடி அறைச் சாவியை மேசைமேலேயே விட்டார். "நான் சாப்பிடப் போறேன். யாரு கேட்டாலும் நான் சாப்பிட்டுக்கிட்டு இருந்தேன்."

போனவர் கதவுக்கு வெளியே, எனக்குப் பக்கத்திலேயே நின்று சாப்பிட்டார். பொட்டலத்தைப் பிரித்தாரே ஒழிய, கண் உள்ளேதான் இருந்தது.

அண்ணி தன் சாப்பாட்டு டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். திறக்கவில்லை.

"தம்பி, நடந்ததை மாத்தப் போறீங்களா? அப்படி ஒண்ணும் வேண்டாம். என் பேர் போனாலும் போகட்டும், பொய்க்கணக்கு வேண்டாம்."

அவர் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டுத் திரும்பினார். "நடந்ததைத் தொடவே மாட்டேன் அண்ணி. கூட்டினது தப்பு. கூட்டலை மட்டும்தான் திரும்பப் போடுறேன்."

அவர் 'அண்ணி' என்று சொன்னது அதுதான் முதல் தடவை. அவருக்கே தெரிந்ததா என்று தெரியாது.

முதல் கறை விழுந்த நாள் ஓடியது. காலையிலிருந்து மாலை வரை நாங்கள் நின்று நின்று கால் கடுத்த ஒரு நாள், அந்தத் திரையில் ஒரு கொட்டாவி நேரத்தில் ஓடி முடிந்தது. பெல்ட் படுத்த இடத்தில் ஒரே வில்லைகள் மறுபடி மறுபடி வந்தன. புதுக் கணக்கு ஒவ்வொன்றையும் பார்த்து, 'நீ உள்ளேதான் இருக்கிறாய்' என்று விட்டுவிட்டது. கீழே 'குறை' என்று போட்டிருந்த இடத்துக்கு எதிரே பூஜ்யம் வந்தது.

வெளியே சூப்பர்வைசர் மென்றுகொண்டிருந்ததை நிறுத்தினார்.

மூன்றாவது கறைக்கான நாட்கள் ஓடின. நெய்யாமலே கூடுதலாக வந்த துணிகள் எல்லாம் தங்கள் தங்கள் வருகைக்குத் திரும்பின. அங்கேயும் பூஜ்யம்.

இரண்டாவது கறையின் நாளைக் கடைசியாக ஓடவிட்டார். குறை இறங்கிக்கொண்டே வந்தது. இறங்கி, ஒன்றில் வந்து நின்றது. பூஜ்யத்துக்குப் போகவில்லை.

கம்ப்யூட்டர் தம்பி மறுபடி ஓடவிட்டார். மறுபடியும் ஒன்று. அந்த ஒரு வில்லையைத் தனியே எடுத்துப் பார்த்தார். உள்வாயில் ஒரு டிக் இருந்தது. வெளிவாயில் டிக் இல்லை. அதற்குப் பிறகு எங்கேயும் இல்லை.

"தலையணை உறை," என்றார் மெல்ல. "இது... இது மட்டும் நிஜமாவே காணோம் அண்ணி."

அண்ணிதான் சிரித்தார். சின்னதாக ஆரம்பித்து, டப்பா மடியில் குலுங்குகிற அளவுக்குச் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வந்தது.

"அப்பாடா. ஒண்ணாவது நிஜமாத் தொலைஞ்சிருக்கே."

"என்ன அண்ணி சொல்றீங்க?"

"எல்லாம் பூஜ்யமா வந்திருந்தா, பாவம் பொம்பளைன்னு இந்தத் தம்பி போட்டுக் குடுத்துட்டாருன்னுதான் என் மனசு சொல்லியிருக்கும். காலம் பூரா அரிச்சிருக்கும். இப்ப நம்புறேன். அந்த உறைக்கு நான் பொறுப்பு."

சூப்பர்வைசர் கையைத் துடைத்துக்கொண்டே உள்ளே வந்தார். "சாப்பிட்டாச்சு. என்ன ஆச்சு?" என்று ஒன்றும் தெரியாதவர் மாதிரி கேட்டார். திரையைப் பார்த்தார். "ஒரு உறைக்கெல்லாம் கறை கிடையாதும்மா. போய் வேலையைப் பாருங்க." அதைச் சொல்லிவிட்டு அவர் எங்கள் பக்கம் திரும்பாமல் கொஞ்ச நேரம் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார்.

மணி அடித்தது. பெல்ட் ஓடத் தொடங்கியது. பெல்ட் ஓடினால் அண்ணி நிற்க மாட்டார். எழுந்து ஓடினார்.

7

நன்றி விட்டுப்போனது இந்த இடத்தில்தான்.

பெல்ட் அன்று ஒருமுறை கூடப் படுக்கவில்லை. வேண்டாத நாளில் படுக்கும், வேண்டிய நாளில் ஓடியது. படுத்திருந்தால் அண்ணி கண்ணாடி அறைக்கு ஒரு நடை போயிருப்பார். சாயங்காலம் போனபோது கம்ப்யூட்டர் தம்பி இல்லை. வேறு ஊரில் வேறு ஏதோ கணக்கு உதைக்கிறதென்று கூப்பிட்டார்களாம், கிளம்பிவிட்டார். அண்ணி மறந்து வைத்த சாப்பாட்டு டப்பா மேசைமேல் இருந்தது. காலியாக, கழுவி, கவிழ்த்து.

"அவர்தான் சாப்பிட்டிருக்காரே அண்ணி. அதுவே நன்றிதானே?" என்று கேட்டுப் பார்த்தேன்.

"அது சாப்பாடு தம்பி. பசிச்சுது, சாப்பிட்டாரு. சொல்ல வேண்டியதை வாயாலதான் சொல்லணும்."

அன்று வீட்டில் அண்ணனிடம் எல்லாவற்றையும் சொன்னாராம். அண்ணன் வெந்த கையைத் தடவிக்கொண்டே கேட்டிருந்துவிட்டு, "நான் போட்ட வழக்கம் உன் கழுத்துக்கே கத்தியாச்சே" என்றாராம்.

"உங்க வழக்கம் சரிதானாம். கம்ப்யூட்டரே ஒத்துக்கிட்டுது."

அண்ணன் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாராம். பிறகு கேட்டாராம்: "அது சரி, அந்த உறை எங்க?"

எல்லோரும் இதைத்தான் கேட்கிறார்கள். நீங்களும் கேட்பீர்கள். முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

ஒன்று: டிரையரைப் பிரித்துச் சுத்தம் செய்தபோது உருளைக்குப் பின்னால் கருகிக் கிடந்தது. இது நடக்கக்கூடியது. ஆனால் பிரித்தார்கள், கிடைக்கவில்லை.

இன்னொன்று: துவைத்துக் காய்ந்த உறை, மடிப்பதற்கு முன்பே யாரோ ஒரு கம்பவுண்டர் அவசரமாக வந்து, பக்கக் கதவு வழியே எடுத்துப் போனார். வெளிவாயைத் தாண்டாததால் டிக் இல்லை. அது இப்போது யாரோ ஒருவருடைய தலைக்கு அடியில் இருக்கிறது. அவர் நன்றாகத் தூங்குகிறார். இந்த முடிவு எனக்குப் பிடித்திருந்தது. மனைவி, "சினிமா மாதிரி இருக்கு" என்றாள். ஆனால் அடிக்கச் சொல்லவில்லை.

மூன்றாவது: அண்ணி இன்றைக்கும் ஒவ்வொரு மூட்டையிலும் அதைத் தேடுகிறார், ஒரு நாள்

(* இதை முடிக்கவில்லை. அவர் தேடுகிறார் என்பது உண்மை. ஒரு நாள் என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியாது. அது கிடைத்தால் கதைக்கு நல்லது. ஆனால் கிடைக்காமல் இருப்பதால்தான் அண்ணி அந்தக் கணக்கை நம்பினார்.)

இங்கிருந்து வருகிற பகுதிக்கு எண் போடவில்லை. மூன்றை ஏற்கெனவே இருமுறை செலவழித்துவிட்டேன். என் கையை நம்ப முடியாது. இதுவரை கொடுக்காத ஓர் எண்ணை நீங்களே பார்த்துப் போட்டுக்கொள்ளுங்கள். எவையெல்லாம் போயின என்பதை ஞாபகம் வைத்திருப்பவர் நீங்கள்தானே.

அண்ணிக்கு இதை முழுக்க வாசித்துக் காட்டினேன். எழுத்துக் கூட்டி வாசிக்க நேரமாயிற்று. அவர் அதற்குள் ஒரு வண்டித் துணியை மடித்துவிட்டார். கேட்டு முடித்ததும், "அவரு இதைப் படிச்சா, தன்னைத்தான் சொல்றாங்கன்னு எப்படித் தெரியும்? பேரு ஊரு ஒண்ணும் இல்லையே" என்றார்.

"உறை இருக்கே அண்ணி. எத்தனை கம்பெனிக்கு அவர் கணக்குப் போட்டிருந்தாலும், குறை ஒண்ணுல வந்து நின்னு, அதைக் கேட்டு ஒரு பொம்பளை சிரிச்ச இடம் ஒண்ணுதானே இருக்கும்?"

யோசித்தார். இரண்டு உறையை மடித்தார். "இருக்கட்டும். போய்ச் சேரலைன்னா?"

"அப்ப திரும்ப எழுதுறேன்."

"ஏற்கெனவே போய்ச் சேர்ந்திருந்தா?"

நான் பதில் சொல்வதற்குள் அவரே சிரித்துவிட்டார். அண்ணன் வழக்கம் எங்கள் இருவருக்கும் ஒரே நேரத்தில் ஞாபகம் வந்துவிட்டது.

ஆகவே, வாசிப்பவரே. நீங்கள் அந்தக் கம்ப்யூட்டர் தம்பியாக இருந்தால், இது உங்களுக்கு. உறை இன்னும் கிடைக்கவில்லை, அண்ணி நலம், பெல்ட் ஓடுகிறது. நீங்கள் அவராக இல்லாவிட்டால், போகிற வழியில் எங்காவது அவரைப் பார்ப்பீர்கள், சொல்லிவிடுங்கள். யாராவது முன்பே சொல்லியிருப்பார்களே என்று யோசித்து விட்டுவிட வேண்டாம். துணி மாதிரிதான் இதுவும். இரண்டு தடவை போனால் ஒன்றும் கெட்டுப்போகாது.